அளவுக்கு மிஞ்சிய பூஸ்ட்

‘பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் ஏதேதோ மாற்றியிருக்கிறார். கம்பெனி சொன்ன பூஸ்ட் 0.6 பார், மீட்டரில் 1 பாரைத் தொடுகிறது. குறைப்பதற்கு என்ன கருவி வாங்கலாம்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கருவி எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் முதல் பதில். பூஸ்ட் கன்ட்ரோலர் என்ற பெயரில் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் பூஸ்ட்டை ஏற்றத்தான் லாயக்கு. இறக்க அவற்றால் முடியாது. ஏன் முடியாது என்பது விலைப்பட்டியலைவிடச் சுவையான விஷயம்.

அவசரம் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 30 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 0.6 பார் பூஸ்ட்டுக்கு அமுக்கினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசரிலிருந்து அது வெளியேறும்போது சுமார் 90 டிகிரி இருக்கும். 1 பாருக்கு அமுக்கினால் சுமார் 125. இன்டர்கூலர் தணிப்பது போக மீதிச் சூடு சிலிண்டருக்குள் போகிறது. அங்கே ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வந்து சேருவதற்குள், ஓரத்தில் ஒதுங்கிய கலவை தானாகவே வெடிக்கிறது. நாக்கிங் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அது நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு பெயரும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். பூஸ்ட் கூடினால் பவர் கூடும் என்று வீடியோ போடுகிறவர்கள் இந்த 35 டிகிரியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

டர்போவுக்குத் தானாக நிற்கும் குணம் கிடையாது. விறகடுப்பில் குக்கர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயிலிருந்து ஒரு குழாய் இறங்கி, ஊதுகுழலாக அதே அடுப்புக்குள் ஊதுகிறது. (ஊதுவது நீராவியல்ல, காற்று, இந்தச் சலுகையை மட்டும் கொடுத்துவிடுங்கள்.) ஊத ஊதத் தீ கொழுந்துவிடும், தீ ஏற ஏற இன்னும் பலமாக ஊதும். புகைவாயு டர்பைனைச் சுற்றுகிறது, அதே தண்டில் உள்ள கம்ப்ரசர் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது, கூடுதல் காற்று கூடுதல் எரிபொருளோடு எரிந்து கூடுதல் புகைவாயு ஆகிறது. சிறிய டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டுவது இப்படித்தான்.

இந்தக் குக்கரை இரண்டு விதமாக அடக்கலாம். விசிலைத் தூக்கி, மிஞ்சியதை வெளியே விடுவது ஒன்று. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1987-இல் டர்போ கார்களுக்குக் கட்டாயமாக்கிய பாப்-ஆஃப் வால்வு அந்த ரகம். மொத்த அழுத்தம் 4 பாரைத் தாண்டினால் திறந்துகொள்ளும். அடுத்த ஆண்டு வரம்பு 2.5 பாராக இறங்கியது. பந்தயத்துக்கு அது சரி. ஆனால் அடுப்பு குறையாமல் எரிந்துகொண்டுதான் இருக்கும். இரண்டாவது வழி, அடுப்பின் பக்கவாட்டில் ஒரு கதவு வைத்து, தீயின் ஒரு பகுதியைக் குக்கருக்கு அடியில் போகவிடாமல் வெளியே திருப்பிவிடுவது. காரில் அந்தக் கதவின் பெயர் வேஸ்ட்கேட். டர்பைனுக்குள் நுழையாமலேயே புகைவாயு சைலன்சர் பக்கம் போய்விடும்.

கதவை யார் திறப்பது? குக்கரேதான். எனக்கு இந்த ஏற்பாட்டில் தீராத வியப்பு. கம்ப்ரசரின் வாயிலிருந்து சில மில்லிமீட்டர் உட்துளையுள்ள ரப்பர் ஹோஸ் ஒன்று கிளம்பி, ஆக்சுவேட்டர் என்ற சிறிய தகர டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் ரப்பர் டயஃப்ரம். அதற்குப் பின்னால் ஸ்பிரிங். அதிலிருந்து நீளும் ராடின் நுனியில் வேஸ்ட்கேட் கதவு. டயஃப்ரத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டர் என்றால், 0.5 பார் அழுத்தம் அதன்மேல் சுமார் 10 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. ஸ்பிரிங் அந்த விசைக்குத்தான் மசியும் என்றால், அதுவரை கதவு மூடியிருக்கும். அதைத் தாண்டியதும் ராடு நகரும், கதவு திறக்கும், பூஸ்ட் அதற்குமேல் ஏறாது.

இப்போது அந்த ஹோஸ் வெடித்திருக்கிறது, அல்லது கழன்று தொங்குகிறது என்று வையுங்கள். காற்று கசிந்தால் பூஸ்ட் குறையும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. டயஃப்ரத்துக்குச் செய்தியே போகாததால் கதவு திறக்காது, பூஸ்ட் கட்டுமீறி ஏறும். கன்ட்ரோலர்கள் செய்வதும் இதே வேலைதான், கொஞ்சம் நாசூக்காக. ஹோஸில் வரும் காற்றில் ஒரு பங்கைக் கசியவிட்டு, உண்மையில் 0.9 பார் இருக்கும்போது 0.6 தான் என்று டயஃப்ரத்தை நம்பவைக்கின்றன. இருப்பதைக் குறைத்துக் காட்டலாம். கசியவிட்டு எதையும் கூட்டிக் காட்ட முடியாது. ஆகவே கசிவை முழுக்க அடைத்தாலும் ஸ்பிரிங் விதித்த அளவுக்குக் கீழே பூஸ்ட் இறங்காது. ரீமேப் செய்கிறவர் மென்பொருளில் எவ்வளவு குறைத்து எழுதினாலும், காற்றழுத்தத்தால் இயங்கும் ஆக்சுவேட்டரில் தரைமட்டம் ஸ்பிரிங்தான்.

வரலாறு நீளமானது, சுருக்கிக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் டர்போவுக்குக் காப்புரிமை பெற்றார். 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைப் பீய்ச்சியது. வண்டிக்காரர்கள் அதை நிரப்ப மறந்தார்கள்.

நின்று பார்க்க வேண்டியது சுவீடனின் சாப் நிறுவனம் செய்ததை. 1977-இல் 99 டர்போவைக் காட்டிய அந்நிறுவனம், 1980-களின் தொடக்கத்தில் 900 டர்போவில் ஏபிசி என்ற அமைப்பைச் சேர்த்தது. பொறியாளர் பேர் கில்பிராண்டின் பெயரோடு இணைந்தது இது. எஞ்சின் பிளாக்கில் முறுக்கிய ஓர் உணரி நாக்கிங்கின் அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதிர்வு இல்லாதவரை ஒரு சொலினாய்டு வால்வு ஹோஸ் காற்றைக் கசியவிட்டு பூஸ்ட்டை ஏறவிடும். நாக்கிங் கேட்டதும் கசிவு நிற்கும். டயஃப்ரத்துக்கு முழு அழுத்தமும் போய்ச் சேரும். கதவு திறந்து பூஸ்ட் இறங்கும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் எஞ்சின் தப்பித்துக்கொள்ளும். பூஸ்ட்டைக் குறைக்கத் தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை, கசிவை நிறுத்தினால் போதும் என்ற இந்த எளிமைக்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

வாசகரின் காருக்கு வருவோம். நடுவில் யாராவது கன்ட்ரோலரைச் செருகியிருந்தால் கழற்றிவிட்டு, கம்ப்ரசரிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராகப் புது ஹோஸ் போட்டுக் கிளிப் மாட்டுங்கள். பிறகு, மீட்டர் வைத்த கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் கொடுத்து ராடைப் பாருங்கள். முள் தானாக இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நின்றும் ராடு அசையாவிட்டால் கதவின் அச்சு துருவும் கரியும் ஏறி இறுகியிருக்கிறது. நகர்கிறது, ஆனால் சொன்ன அளவைத் தாண்டித்தான் நகர்கிறது என்றால், யாரோ ராடைத் திருகிக் குட்டையாக்கியிருப்பார்கள், அல்லது விறைப்பான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். ராடின் மரையைத் தளர்த்தி நீளமாக்கினால் கொஞ்சம் இறங்கும். அதற்கும் கீழே வேண்டுமானால் மெலிந்த ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டர்தான். ‘உஸ்’ என்ற சத்தத்துக்காக விற்கும் ப்ளோ-ஆஃப் வால்வு இதற்கு உதவாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணத்துக்கு மட்டுமே அது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பூஸ்ட் ஏறலாம். மூன்றாவது கியரில் 0.6-இல் நின்ற முள், எஞ்சின் வேகம் கூடக் கூட மெல்ல மெல்ல 0.8, 0.9 என்று ஊர்ந்தால், கதவு முழுக்கத் திறந்தும் துவாரம் போதவில்லை என்று பொருள். தடையில்லாத அகலக் குழாயும் திறந்த சைலன்சரும் மாட்டிய கார்களில் இது சகஜம். டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்ததால், அதன் வழியே பாயும் வாயு இன்னும் பலமாகச் சுற்றுகிறது. டர்போவைக் கழற்றி, வேஸ்ட்கேட் துவாரத்தைக் கடைந்து அகலப்படுத்துவது ஒரு வழி. கதவு முழுவதும் மூடும் அளவுக்கு விளிம்பு மிஞ்ச வேண்டும் என்பதால் அது அனுபவசாலியின் வேலை. 1962-இன் செவர்லே கார்வேர் மான்சா ஸ்பைடரில் வேஸ்ட்கேட்டே கிடையாது. சைலன்சரின் தடையை வைத்தேதான் பூஸ்ட்டை நிறுத்தினார்கள். எனவே கடைசலுக்குக் கொடுப்பதற்கு முன், முன்னாள் உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். கம்பெனி சைலன்சரை அவர் இன்னும் வைத்திருக்கலாம்.