விண்டோஸ் 10 போனால் கணினியும் போக வேண்டுமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசசரும் இல்லாத கணினியில் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. "புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார்கள் கடைக்காரர்கள். வாங்க வேண்டியதில்லை; விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸில் ஓடும் இலவச டெஸ்க்டாப்புக்கு வயது முப்பதை நெருங்குகிறது. கே.டி.இ. என்ற இலவச டெஸ்க்டாப் திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஓர் அக்டோபர் 14-தான், 1996-ல். யுனிக்ஸ் கணினிகளில் கோலோச்சிய சி.டி.இ. என்ற டெஸ்க்டாப்பைக் காசு கொடுத்துதான் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அதைப் போலவே ஒன்றை இலவசமாகத் தர, அதே ஆண்டில் பிறந்தது எக்ஸ்.எஃப்.சி.இ. மூல நிரல் மூடப்பட்டிருந்த எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற நிரல் தொகுப்பை நம்பி எழுதப்பட்டதால் லினக்ஸ் தொகுப்புகளில் இடம் கிடைக்காமல் திண்டாடி, 1999-ல் கட்டற்ற ஜி.டி.கே. தொகுப்புக்கு மாறிய பிறகே தலையெடுத்தது. சி.டி.இ.-யும் 2012-ல் கட்டற்ற மென்பொருளாகிவிட்டது.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி பூட் செய்யுங்கள். எதையும் அழிக்காமல் திரை வந்துவிடும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு. வை-ஃபை, ஸ்பீக்கர், பிரின்டர் மூன்றையும் அப்போதே சோதித்துவிடலாம். 4 ஜி.பி. ராம் தாராளம். டேலி, ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது சரிப்படாது, உண்மைதான்.

என் கவலை பணம் பற்றியதல்ல, குப்பை பற்றியது. பழைய எல்.சி.டி. திரைகளின் பின்விளக்குக் குழாயில் பாதரசம் இருக்கிறது. போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம். காயலான் கடையில் உடைத்தால் இவை மண்ணுக்குத்தான் போகும். மண்ணுக்குப் போனது லேசில் திரும்பாது என்பதற்கு டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் சாட்சி. அந்தச் சிற்றூரின் மருந்து, ரசாயன ஆலை 1999-ல் மூடப்பட்டது. அது விட்டுப்போன பாதரசமும் கரைப்பான்களும் நிலத்தடி நீரை எட்டிவிட்டன. 1973 வரை அதன் கழிவு கொட்டப்பட்ட கடலோர மணல்மேட்டில் அரைநூற்றாண்டு கழித்தும் தூய்மைப் பணி நடக்கிறது. பணக்கார நாட்டுக்கே இந்தப் பாடு என்றால், நம் ஏரிக்கரைகளை யார் கழுவுவது?

லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சென்னையில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அதன் பிறகு வந்த கணினிகளையாவது பரணிலிருந்து இறக்குங்கள். ஒரு எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ராமும் போட்டால், பிள்ளைகள் படிக்க இன்னும் சில வருடம் உழைக்கும்.