ஒளியை முந்திய பிழம்பா?

தேவதானப்பட்டியிலிருந்து நிமிர்ந்து நோக்கினால் தெரியும் கொடைக்கானல் மலையில் 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. கண்ணுக்கே புலப்படாத ஒரு விண்மீன் இணை அறிஞர்களைத் திகைக்க வைத்த செய்தியை அறிவீர்களா?

அரபியர் 'அந்நஸ்ருத் தாயிர்' (பறக்கும் கழுகு) எனப் பெயரிட்ட விண்மீன் ஒளிரும் கழுகு மண்டலத்தில், ஏறத்தாழ 28,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கருந்துளை தன் துணை விண்மீனின் வாயுவை உறிஞ்சுகிறது. சுழன்று விழும் வாயு கடுமையாகச் சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. 1994-இல் மிராபெல், ரோட்ரிகஸ் இருவரும் ரேடியோ அலைகளில் நோக்க, அங்கிருந்து தெறித்த பிழம்புகள் ஒளியினும் வேகமாய் ஓடுவதாய்த் தோன்றின! உண்மையில் முந்தவில்லை. ஒளிக்குச் சற்றே குறைந்த வேகத்தில் சாய்வாக நம் பக்கம் வரும் பிழம்பு, தான் அனுப்பிய அலைகளையே துரத்தி வருவதால் பயண நேரம் சுருங்கித் தெரிகிறது.

இத்தகைய நுண்ணிய நகர்வைப் பிரித்துக் காண, தொலைவில் பரப்பிய பல ஆன்டெனாக்களை ஒன்றாய் இணைக்க வேண்டும். புணே அருகே 45 மீட்டர் அகலமுள்ள 30 ஆன்டெனாக்கள் அவ்வாறே நிற்கின்றன. இவ்விணையையும் அவை ஆராய்ந்துள்ளன. உதகையில் 1970-இல் ரேடியோ தொலைநோக்கி அமைத்த கோவிந்த் ஸ்வரூப்பின் முயற்சியே அதுவும்.