பாட்டின் சொல்லும் சுரமும்: கணினியில் இசைக்குறி எழுதத் தொடங்குவோருக்கு

ஐரோப்பிய இராகங்களில் தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடும் வழக்கம் நம் திருச்சபைகளுக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டிலேயே பப்ரிசியுஸ் (1711–1791) ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கித் தந்தார். ஆயினும் சபையார் கையிலுள்ள பாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் சொற்கள் மட்டுமே உள்ளன. ஆர்கன் வாசிப்பவரின் நூலிலோ சுரங்கள் தமிழ்ச் சொல்லின்றி நிற்கின்றன. எந்த எழுத்து எந்தச் சுரத்தில் விழவேண்டும் என்பது முதியோர் சிலருடைய நினைவில் மட்டுமே தங்கியிருக்கிறது. அவர்கள் மறைந்தால் பாட்டு புத்தகத்தில் இருக்கும். பாடும் முறை இராது. எனவே சொல்லையும் சுரத்தையும் ஒரே தாளில் எழுதிவைப்பது நம் கடமைகளுள் ஒன்றாகிறது.

இப்பணிக்கு இன்று கணினி துணைநிற்கிறது. மியூஸ்ஸ்கோர் என்னும் மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஆயினும் கருவி நம் கட்டளைக்குக் கீழ்ப்படியுமேயன்றித் தமிழ்ச் சொல்லின் இயல்பை அறியாது. சொல்லை எங்கே பிரிப்பது என்பதை எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும்.

1. பாடும் அலகு எது?

யாப்பிலக்கணம் பயின்றோர் சொல்லை நேரசை, நிரையசை எனப் பிரிக்க முற்படுவது இயல்பே. ஆனால் இசைக்கு அப்பிரிவு பொருந்தாது. ‘பரிசுத்தம்’ என்பதில் ‘பரி’ ஒரே நிரையசை. பாடும்போதோ ‘ப’, ‘ரி’ என இரு சுரங்களை வேண்டும். உயிரெழுத்தும் உயிர்மெய்யெழுத்தும் தனித்தனி அலகாகும். புள்ளி பெற்ற மெய் தனக்கு முன்னுள்ள அலகோடு சேரும் என்பதே இங்கு விதி. அவ்வாறாயின் ‘பரிசுத்தம்’ என்பது ப-ரி-சுத்-தம் என நான்கு அலகாகும். ‘ஆண்டவர்’ ஆண்-ட-வர் என மூன்றாகும். ‘கர்த்தர்’ கர்த்-தர் என இரண்டேயாகும்.

2. விசைகளின் பயன்

முதலில் சுரங்கள் அனைத்தையும் எழுதி முடித்தல் வேண்டும். பின்னர் முதற்சுரத்தைத் தேர்ந்து, கண்ட்ரோல் விசையோடு ‘எல்’ விசையை அழுத்தினால் சுரத்தின்கீழ்ச் சொல் எழுதும் இடம் திறக்கும். சொல் முடிந்தால் இடைவெளி விசை. சொல் முடியாமல் அலகு மட்டும் முடிந்தால் இணைப்புக்கோடு. இரண்டும் அடுத்த சுரத்திற்குக் கொண்டு செல்லும். இடையில் ஓய்வுக்குறி வந்தால் கருவி அதைத் தாண்டிச் செல்லும்.

ஓர் அலகு பல சுரங்களில் நீள்வதும் உண்டு. ‘அல்லேலூயா’ என்பதில் ‘லூ’ மூன்று சுரங்களில் இழையுமானால், அதனை எழுதியபின் ‘யா’வுக்குரிய சுரத்தை அடையும்வரை இணைப்புக்கோட்டையே அழுத்துக. சொல்லின் இறுதியலகாகிய ‘யா’ நீளுமானால் அடிக்கோட்டைப் பயன்படுத்துக. முன்னது சொல் இன்னும் முடியவில்லை என்று பாடுபவருக்கு உணர்த்தும். பின்னது சொல் முடிந்தது, ஒலி மட்டும் தொடர்கிறது என உணர்த்தும்.

‘எனது ஆத்துமா’ என்பதில் ‘து’வும் ‘ஆத்’தும் ஒரே சுரத்தில் விழுதல் கூடும். அப்போது ‘தாத்’ எனப் புணர்த்தியும் எழுதலாம். கண்ட்ரோல் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி, இரு சொல்லையும் பிரிந்த வடிவிலேயே ஒரு சுரத்தின்கீழ் நிறுத்தவும் செய்யலாம்.

3. குறிலும் நெடிலும்

எண்ணிக்கை சரியாயிருப்பது போதுமா? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘ஓல்ட் ஹன்ட்ரெத்’ என்னும் புகழ்பெற்ற இராகம் 1551ஆம் ஆண்டின் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் இடம்பெற்றது. நான்கு வரிகள், வரிக்கு எட்டுச் சுரங்கள், சுரத்திற்கு ஓர் அலகு. ஆதலின் தொடங்குவோர் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. பயிற்சிக்காக ‘அன்பின் தேவனைப் பாடுவோம்’ என ஒரு வரியை நாமே அமைப்போம்: அன்-பின்-தே-வ-னைப்-பா-டு-வோம். அலகுகள் எட்டு, கணக்கு சரியே.

ஆனால் அவ்விராகத்தின் பழைய தாள அமைப்பில் முதல் வரியின் முதற்சுரமும் இறுதி மூன்று சுரங்களும் நீண்டவை. இடைப்பட்ட நான்கும் குறுகியவை. ஆகவே ‘டு’ என்னும் குறில் நீண்ட சுரத்தில் அகப்பட்டு, ‘பாடூவோம்’ எனக் கேட்கும். ‘பாடுங்கள்’ என மாற்றினால் அக்குறை பெரிதும் நீங்கும். ‘டுங்’ என்பதிலுள்ள ங் மூக்கொலியாதலால், சுரத்தின் நீளத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும்.

இது சிறு குறை எனக் கருதற்க. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே வேறுபடுத்துவன. ‘என்னை விடுவியும்’ என்னும் மன்றாட்டில் ‘வி’ நீண்டால் கேட்பவர் செவியில் ‘வீடு’ என்றே விழும். ஆங்கிலத்திலோ ஜெர்மானியத்திலோ சொல்லின் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்ப்பது போல, தமிழில் சொல்லின் மாத்திரையைப் பார்த்தல் வேண்டும்.

முன்னோர் இயற்றிய பாட்டைப் பதிவு செய்யும்போது சொல்லை மாற்றும் உரிமை நமக்கில்லை. சபை பாடும் முறையைக் கேட்டு, அதனையே எழுதுதல் நன்று. புதிதாக மொழிபெயர்ப்போரும் இயற்றுவோருமோ மாற்றத் தயங்கலாகாது. ஒவ்வொரு சரணத்தையும் தனித்தனியே எண்ணுக. முதற்சரணத்திற்குப் பொருந்திய இராகம் மூன்றாம் சரணத்தில் இடறக்கூடும்.

எழுதி முடித்தபின் கணினியை இசைக்கவிட்டுக் கேட்பது மட்டும் போதாது. அது சுரத்தையே ஒலிக்கும். தாளை அச்சிட்டு, அப்பாட்டை முன்பு அறியாத ஒருவரிடம் கொடுத்துப் பாடச்செய்க. அவர் வாயில் சொல் சிதையாமல் வருமாயின் நம் பணி நிறைவேறியது எனலாம்.