மீனைப் படிக்கப் போன மகள்

"மீன் பிடிக்கத் தெரியாமலோ தம்பி நாங்கள் இஞ்சை வந்தனாங்கள்? இவள் மீனைப் படிக்கப் போறாளாம்!"

கார்ல்ஸ்ரூஹே நகரில் எமக்கு அயலில் வசிக்கும் அண்ணர் ஒருவர் சில வருடங்களுக்கு முன்னர் என்னிடம் இப்படிச் சொல்லி வருந்தினார். யாழ்ப்பாணக் களப்புக் கரையில் பிறந்தவர். தகப்பனோடு சிறகுவலைத் தொழில் செய்தவர். இங்கு வந்த பின்னர் உணவகச் சமையலறையில் இருபது வருடங்கள் உழைத்துவிட்டார். மகள் கெட்டிக்காரி, மருத்துவம் படிப்பாள் என்று நம்பியிருந்தார். அவருடைய மனவருத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. "இந்தத் தொழிலைச் சொல்லித்தானே ஊரிலை எங்களைத் தாழ்த்தினவை" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கடந்த வருடம் அந்தப் பிள்ளை தனது முதுகலை ஆய்வைச் சமர்ப்பித்தாள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு அண்ணர் என்னையும் கூட்டிச் சென்றார்.

மூன்று மாணவர், மூன்று கேள்விகள்

முதலில் பேசிய மாணவர் எடுத்துக்கொண்டது காடு. கார்ல்ஸ்ரூஹே அரண்மனைக்குப் பின்புறம் விரியும் ஹார்ட் காட்டை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். 1715இல் இந்நகரம் அமைக்கப்பட்டதே அந்தக் காட்டுக்குள்தான். அங்குள்ள மண் பெரும்பாலும் மணல். 2018 முதல் 2020 வரை தொடர்ந்த வரட்சியில் பைன் மரங்கள் பல பட்டுப்போயின. மண்ணுக்குள் மூன்று நான்கு வருடங்கள் கிடந்து வேரைத் தின்னும் ஒரு வண்டின் புழுவும் இளங்கன்றுகளை அழிக்கின்றது. மே மாதத்தில் பறப்பதால் அதனை இங்கு மே வண்டு என்பார்கள். எமது தென்னையைத் துளைக்கும் வண்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எந்த மரத்தை நட்டால் இனி இந்த மண்ணில் நிலைக்கும் என்பதே அவரது கேள்வி.

இரண்டாமவர் காட்டுப்பூனையைப் பற்றிப் பேசினார். பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 1912இன் பின்னர் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இந்த விலங்கு, 2006இல் றைன் சமவெளியில் மீண்டும் கண்டறியப்பட்டது. ஆளைக் கண்டால் ஒளித்துவிடும் பூனையை எப்படி எண்ணுவது? சொரசொரப்பான மரத்தடி ஒன்றை நட்டு, வலேரியன் என்ற மூலிகையின் சாற்றைத் தெளித்து விடுகிறார்கள். அந்த வாசனைக்கு மயங்கி வரும் பூனை தடியில் உரஞ்சிவிட்டுப் போகும். ஒட்டியிருக்கும் மயிரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அது வீட்டுப்பூனையா காட்டுப்பூனையா என்று தெரிந்துவிடும். சபையில் சிரிப்பு எழுந்தது. அண்ணரும் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாவதாக மகள் எழுந்தாள். அவளது கேள்வி, றைன் நதியின் பழைய கிளைகளில் மீன்குஞ்சுகள் எங்கே தங்கி வளர்கின்றன என்பது.

நதியை நேராக்கிய நகரம்

இந்தப் பழைய கிளைகளுக்கு ஒரு கதை உண்டு. முன்னர் றைன் நதி இப்பகுதியில் வளைந்து வளைந்து ஓடியது. வெள்ளம் ஊர்களை அழித்தது. கார்ல்ஸ்ரூஹேயில் பிறந்த பொறியியலாளர் யோகான் கொட்பிறீட் துல்லா 1817இல் நதியை நேராக்கும் வேலையைத் தொடக்கினார். பாசல் நகரிலிருந்து வோர்ம்ஸ் வரையான நீளம் 81 கிலோமீற்றர் குறைந்தது. வெள்ளமும் மலேரியாவும் குறைந்தன. ஆனால் மீன்கள் முட்டையிடும் பரல்மண் படுக்கைகள் பல இல்லாமற்போயின. பின்னர் அணைகளும் ஆலைக் கழிவும் சேர்ந்துகொள்ள, 1950களில் றைனில் சல்மன் மீன் அற்றுப்போயிற்று. 1986 நவம்பர் 1ஆம் திகதி பாசல் அருகே இரசாயனக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றி நஞ்சு நதியில் கலந்தபோது, விலாங்குகள் மட்டும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் செத்து மிதந்தன.

அந்த அழிவுதான் கரையோர நாடுகளை ஒன்றாக உட்கார வைத்தது. சல்மன் மீண்டும் வரவேண்டும் என்று 1987இல் திட்டம் வகுத்தார்கள். கார்ல்ஸ்ரூஹேக்குத் தெற்கே இஃபெஸ்ஹைம் அணையில் மீன்கள் ஏறிச்செல்லும் படிவழி 2000இல் திறக்கப்பட்டது. இத்தகைய வேலைகளுக்கெல்லாம் மீனை எண்ணவும் நீரை அளக்கவும் படித்தவர்கள் வேண்டும்.

வெட்டி ஒதுக்கப்பட்ட பழைய வளைவுகளில் நீர்ச்செடிகளுக்கும் சரிந்த மரங்களுக்கும் இடையில் குஞ்சுகள் கூடுதலாக இருப்பதை மகள் கணக்கோடு காட்டினாள். முதிய பேராசிரியர் ஒருவர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லும்போது தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். சபையும் பார்த்தது. அண்ணருக்கு டொச் அவ்வளவு விளங்காது. தலையைக் குனிந்துகொண்டார்.

இதுவும் படிப்புத்தான்

புதிதாக வந்த பெற்றோர் பலருக்கு மருத்துவம், பொறியியல் தவிர்ந்தவை படிப்பாகத் தெரிவதில்லை. கார்ல்ஸ்ரூஹேயிலோ 1832 முதலே வனவியல் கற்பிக்கப்பட்டது. 1920இல் அந்தத் துறை பிறைபூர்க் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டது. இன்று கார்ல்ஸ்ரூஹேயில் புவிச்சூழலியலும், பிறைபூர்க்கிலும் றொட்டன்பூர்க் உயர்கல்லூரியிலும் வனவியலும், பேர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் மீன்வளமும் படிக்கலாம். பல்கலைக்கழகம் செல்லாத பிள்ளைகளுக்குக் காட்டுத் தொழிலிலும் மீன்வளர்ப்பிலும் மூன்று வருடத் தொழிற்பயிற்சி உண்டு.

இம்மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவருக்கு அரையாண்டுக்கு 1500 யூரோ கட்டணம் 2017இல் கொண்டுவரப்பட்டது. இந்நாட்டிலேயே அபித்தூர் எடுத்த பிள்ளைகளுக்கு அது இல்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் விலக்கு உண்டு. மாணவர் அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

இன்னொரு விடயம். தூண்டிலோடு றைன் கரைக்குப் போக ஆசைப்படுவோர், பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் பெறாமல் போகவேண்டாம். குற்றமாகிவிடும். அப்பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்புகள் உண்டு. எம்மவருக்கு மீனைப் பற்றிய பாடம் கடினமாக இராது, டொச்தான் சற்றுக் கடினம்.

எழுதி வைக்காத கல்வி

திரும்பி வரும்போது ரயிலில் அண்ணர் மகளிடம் கேட்டார்: "அந்த ஐயா என்ன கேட்டவர்? ஏன் என்னைப் பாத்தனி?"

குஞ்சுகள் செடிகளுக்குள் ஒதுங்குவது இரைக்காகவா பாதுகாப்புக்காகவா என்று அவர் கேட்டாராம். இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டு, "கண்டலை வெட்டினால் களப்பிலை இறால் குறையும் எண்டு சின்ன வயதிலேயே அப்பா எனக்குச் சொல்லித்தந்தவர்" என்றாளாம். அதற்குப் பேராசிரியர், உன் அப்பாவுக்குத் தெரிந்ததையெல்லாம் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னனி?"

"இல்லை எண்டு சொன்னனான், அப்பா."

அண்ணர் கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சோளகக் காற்றுக்கு எந்த மீன், வாடைக்கு எந்த மீன், எந்த மாதத்தில் நீர் கலங்கும், எப்போது வலையை மாற்றிக் கட்டவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். ஒரா, திரளி, மணலை என்று பெயர்கள் வந்துகொண்டேயிருந்தன. மகள் கொப்பியை எடுத்து எழுதினாள். இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டிப் போனதை மூவருமே கவனிக்கவில்லை.

கடலோரத்தில் வாழ்ந்தவர்களும், முதிரையும் பாலையும் நின்ற வன்னிக் காட்டை அறிந்தவர்களும் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வார இறுதியிலேயே பிள்ளையை அவர் பக்கத்தில் இருத்துங்கள். கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தாற் போதும்.