பெருமாநல்லூர் தையல் மோட்டாரும் நாட்டின் கரிக்கணக்கும்

2020ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து வெளியான பசுமை இல்ல வாயுக்கள், கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால், சுமார் 296 கோடி டன். காடுகளும் மண்ணும் உறிஞ்சியது போக மிஞ்சியது 244 கோடி டன். 2024 டிசம்பரில் மத்திய அரசு ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கு இது. இதில் முக்கால் பங்கு எரிசக்தியால் வருவது. பயிரும் கால்நடையும் சேர்ந்து 14 சதவீதத்துக்குள். 2070க்குள் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது.

கோபி சாலையும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் சந்திக்கும் பெருமாநல்லூரில் எரிசக்தி என்றால் பெரும்பாலும் பனியன் தொழில்தான். வட்டாரத்துச் சாயப்பட்டறைகளின் பாய்லரில் எரியும் விறகின் கார்பன் டை ஆக்சைடு தேசிய எரிசக்திக் கணக்கில் சேர்வதில்லை. மரத்தை வெட்டும்போதே அது காடு, நிலக் கணக்கில் பதிவாகிவிடும் என்பது அனுமானம். அங்கே பதிவாகாவிட்டால் அது வெறும் ஏட்டுக் கணக்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்வட்டாரச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு இல்லாமல் அவை மீண்டும் இயங்க முடியவில்லை. நொய்யல் ஆற்றுக்கு அது வேண்டியதே. ஆனால் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க நீராவியும் மின்சாரமும் ஏராளமாகச் செலவாகின்றன.

சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டில் விரயம் தையல் மெஷினுக்கு அடியிலேயே இருக்கிறது. பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்ச் போட்டதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கும். டெய்லர் கட்டுப் பிரித்தாலும், அறுந்த நூலைக் கோத்தாலும், டீ குடிக்கப் போனாலும் நிற்காது. சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும். கரன்ட் பெரும்பாலும் பாதிக்கு மேல் மிச்சம். நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. விசிறியிலும் இதே கதை: 75 வாட் மின்விசிறிகள் இருபதை 30 வாட் விசிறிகளாக மாற்றினால், பத்து மணி நேர வேலையில் 9 யூனிட், அதாவது ஆறு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு குறையும்.

சொந்த வீட்டுக்காரருக்கு 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் உண்டு. 3 கிலோவாட் தகடுகளுக்கு மானியம் 78,000 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று டன் கார்பன் டை ஆக்சைடு குறையும். லைன் வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்கு இது எட்டாது. அவருக்குக் கைகொடுப்பது பஸ்ஸும் கம்பெனி வேனும்தான்: தனித்தனி பைக்குகளுக்குப் பதில் ஒரே வண்டி.

துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் இன்னொரு வழி. நிறவாரியாகப் பிரித்தால் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் அதை மறுபடி சாயமேற்றாமலே நூலாக்கிவிடும். சாயத்துக்கான நீராவியும் புதுப் பருத்தியும் மிச்சம். எல்லாவற்றையும் கலந்து கட்டிய மூட்டையைவிட, பிரித்த மூட்டைக்கு விலையும் கூடுதல்.