வெள்ளைத் தங்கத்தின் ஒப்பனை அறை

கடைக்கு வருவதற்கு முந்தைய நாள் வெள்ளைத் தங்க மோதிரம் எப்படி இருக்கும் தெரியுமா? வெள்ளையாக இருக்காது! ஒன்று, லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். இல்லையென்றால் சாம்பல் பூத்திருக்கும். கோயம்புத்தூர் செல்வபுரம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இரண்டு ரகத்தையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒப்பனை போடும் முன்பே நாயகியைப் பார்த்துவிட்ட குஷி!

எங்கள் பெருமுக்கல், திண்டிவனம் பக்கம் நகை என்றால் 916 மஞ்சள்தான். ஆனால் நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இப்போது வெள்ளை கேட்கிறார்கள். "அதையே 916-ல வாங்கிக்கலாமே" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். முடியாது! ஆயிரம் பங்கில் 916 தங்கம் போனால் மிச்சம் 84 பங்குதான். அதற்குள் எதைக் கலந்தாலும் மஞ்சள் முழுசாக அடங்காது. அதனால்தான் 18 காரட், அதாவது 750. மீதி 250 பங்கில்தான் கூத்து மொத்தமும் நடக்கிறது.

அந்த 250-ல் தங்கத்தை வெளுக்கவைக்கும் உலோகம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: நிக்கல் அல்லது பல்லாடியம். கூடவே வெள்ளியோ செம்போ துத்தநாகமோ சேரும். பட்டறையில் இருந்த மூத்த பத்தர் இரண்டு கம்பிகளை என் கையில் கொடுத்தார். "வளைச்சுப் பாருங்கம்மா." முதல் கம்பி வளைந்து, விட்டவுடன் பாதி தூரம் திரும்பி வந்தது. "நிக்கலுங்க. முரடு. ஆனா வைரத்தைப் பிடிச்சா விடாதுங்க." இரண்டாவது வளைத்த இடத்திலேயே நின்றது. "இது பல்லாடியமுங்க. சொன்ன பேச்சு கேக்கும்." கல் பதிப்பவர்களுக்கு இரண்டாவதுதான் செல்லம். கல்லைப் பிடிக்கும் பற்களை மடக்கும்போது விரிசல் விடாது, மெல்லிய வேலைப்பாட்டுக்கு இடம் கொடுக்கும். கொக்கி, வில் போன்ற இடங்களில் நிக்கலின் முரட்டுத்தனமே பலம்.

உலைப் பக்கம் போனால் பல்லாடியத்தின் பிடிவாதம் தெரிகிறது. தங்கம் 1,064 டிகிரியில் உருகிவிடும். பல்லாடியத்துக்கு 1,555 வேண்டும். கலந்த பிறகும் மஞ்சள் தங்கத்தைவிட அதிகச் சூடு கேட்கும். போதாக்குறைக்கு இது வாயுவைக் குடிக்கும் உலோகம். சாதாரண அறைச் சூட்டிலேயே தன் பருமனைப்போல் சுமார் 900 மடங்கு ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும்! உருகிய நிலையில் வாயு புகுந்துவிட்டால் வார்ப்பு முழுக்க ஊசிமுனைத் துளைகள். ஆகவே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டோ, ஆர்கான் வாயுவை நிரப்பியோ வார்க்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த ரகசியம் தராசில் இருக்கிறது. ஒரே மெழுகு மாதிரியில் இரண்டு மோதிரம் வாருங்கள். நிக்கல் கலந்தது 5 கிராம் வந்தால், பல்லாடியம் கலந்தது சுமார் ஐந்தரை கிராம் வரும். பல்லாடியம் அவ்வளவு கனம். அந்தக் கூடுதல் அரை கிராமிலும் முக்கால் பங்கு தங்கம்தானே! ஆகப் பல்லாடியத்துக்கும் காசு, அது இழுத்துக்கொண்டு வரும் தங்கத்துக்கும் காசு. 2019-ல் பல்லாடியத்தின் விலை தங்கத்தையே மிஞ்சி நின்றது. 2022 மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டிவிட்டுப் பிறகு சரிந்தது.

அப்புறம் ஏன் பல்லாடியத்துக்குப் போக வேண்டும்? தோலுக்காக. நிக்கல் பட்டால் சிலருக்கு அரிப்பு, சிவப்பு, கொப்புளம். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நகையில் நிக்கலுக்குக் கடிவாளம் போட்டுவிட்டது. காது, மூக்கு குத்திய துளைக்குள் போகும் தண்டுக்கு விதி இன்னும் கடுமை: ஒரு சதுர சென்டிமீட்டரில் வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாகத்தான் நிக்கல் கசியலாம். மூக்குத்தியை வருஷக்கணக்கில் கழற்றாத நம் ஊருக்கு இது எவ்வளவு முக்கியம்!

கடைசியில் ஒப்பனை அறை. ரோடியம் என்ற உலோகத்தின் கரைசலுக்குள் மின்சாரம் பாய, மோதிரம் உள்ளே இறங்குகிறது. சில நொடிதான். மஞ்சள் ஓடியதும் சாம்பல் பூத்ததும் ஒரே வெண்மையில் வெளியே வருகின்றன. எது எதுவென்று என் கண்ணால் சொல்ல முடியவில்லை! இதில் எனக்குச் சிலிர்ப்பு எங்கே தெரியுமா? பல்லாடியம், ரோடியம் இரண்டையும் கண்டுபிடித்தவர் ஒருவரே: ஆங்கிலேயர் வில்லியம் ஹைட் வோலஸ்டன். 1803-ல் தன் பெயரைச் சொல்லாமல், லண்டன் சோஹோவில் ஒரு கடையில் பல்லாடியத்தை 'புது வெள்ளி' என்று விற்பனைக்கு வைத்தார்! செனிவிக்ஸ் என்ற வேதியியலாளர் அதை வாங்கிச் சோதித்துவிட்டு, பிளாட்டினமும் பாதரசமும் கலந்த போலி என்று அறிவித்தார். 1805-ல்தான் வோலஸ்டன் வெளியே வந்து உண்மையைச் சொன்னார்.

ரோடியம் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் மெலிது. தேயத்தான் செய்யும். தேய்ந்தால் உள்ளே இருப்பதன் நிறம் எட்டிப் பார்க்கும். மறுபடி பூசிக்கொள்ளலாம். பல்லாடியச் சாம்பல் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. நிக்கல் கலவையின் மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

நகையில் பொறித்த ஹால்மார்க்கில் பிஐஎஸ் முத்திரை, 18கே750, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான எச்யூஐடி எல்லாம் இருக்கும். தங்கம் எவ்வளவு என்று அது உறுதி சொல்கிறது. மீதி 250-ல் நிக்கலா பல்லாடியமா என்று சொல்லாது. ஆகவே கடையில் கேளுங்கள், பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மூக்குத்தி, கம்மல் என்றால் கேட்காமல் வாங்கவே வேண்டாம். அந்த பில் பத்திரம். நாளைக்கு விரல் பருத்து மோதிரத்தைப் பெரிதாக்கக் கொடுத்தால், ஊதுகுழலை எடுக்குமுன் பத்தருக்குத் தெரியவேண்டியது அதுதான். நிக்கல் தங்கத்தைப் பற்றவைக்க ஒரு பொடி, பல்லாடியத் தங்கத்துக்கு வேறு பொடி.