கூத்திசையும் ஒரு வெளியூரான் செவியும்

நான் காவிரிக்கரையிலே பிறந்தவன். ஆசிரியத் தொழிலின் பொருட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன. உற்சவத்தில் நாகசுரமும் சபையில் வாய்ப்பாட்டும் கேட்டு வளர்ந்த செவி என்னுடையது. அந்தச் செவியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக் கூத்திசையைப் பற்றிப் பேச வந்திருப்பது சற்றுத் துணிச்சலான காரியந்தான். ஆயினும், பிறந்ததிலிருந்து கேட்டவர்கள் எதைச் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்களோ, அதை வெளியூரான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நான் வந்த இரண்டாம் ஆண்டு சித்திரையில், செங்கம் சாலையிலுள்ள ஒரு சிற்றூரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா நடந்தது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம். இரவில் அதே கதை கூத்தாக வரும். என் மாணவன் ஒருவனுடைய தந்தை அந்தக் கூத்தில் முகவீணை வாசிப்பவர். அவர் அழைப்புக்காகவே போனேன். நள்ளிரவு தாண்டுவதற்குள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன் என்பதை மறைப்பானேன்? மறுநாள் அவரைக் கண்டபோது, “சுருதி மிகவும் மேலே நிற்கிறது, கூச்சலாக இருக்கிறதே!” என்று சொல்லியும் விட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“வாத்தியாரய்யா, நீங்க எங்கே உக்காந்து கேட்டீங்க?”

“கடைசியில், வேப்பமரத்தடியில்.”

“அங்கே காதிலே விழுந்துதா? விழுந்துதுன்னா நான் சரியாத்தான் ஊதியிருக்கேன்.”

முகவீணை என்றால் நரம்பு வாத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது நாகசுரத்தின் குட்டித் தம்பி. ஏறக்குறைய ஒன்றரைச் சாண் நீளந்தான். சீவாளி வைத்து ஊதுவது. குழல் குட்டையாக இருப்பதால் ஓசை உச்சத்தில் ஒலிக்கிறது. சுவரும் கூரையும் இல்லாத வெளியில், மிருதங்கமும் டோலக்கும் தாளமும் ஆடுவோர் சலங்கையும் ஒருசேர முழங்கும்போது, இரவு முழுவதும் கடைசி வரிசைவரை எட்ட வேண்டுமானால் வேறு எந்தச் சுருதி உதவும்? பாடுகிறவர்களும் அதே காரணத்தால்தான் தொண்டையைத் திறந்து மேல்ஸ்தாயியில் பாடுகிறார்கள்.

இதிலே எனக்கு நாணம் தந்த செய்தி ஒன்று உண்டு. நான் ‘நமது பழைய நாதம்’ என்று பெருமை பேசிக்கொண்டிருந்த கனமான பாரி நாகசுரம், திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் நரசிங்கம்பேட்டைப் பட்டறையிலே உருவாகிப் பரவியது. அதற்கு முன் எங்கள் வீதிகளில் ஒலித்தது குட்டையான, உரத்த சுருதியுடைய திமிரி நாகசுரம். ஆகவே என் பாட்டனார் இந்தக் கூத்துக்கு வந்திருந்தால், காதைப் பொத்தியிருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன்.

மறுபடி போனேன், இம்முறை வாத்தியக்காரர் பலகைக்கு அருகே உட்கார்ந்தேன். கட்டியக்காரன் வந்து வேடிக்கை பேசி வரவை அறிவிக்கிறான். இருவர் திரை பிடிக்கிறார்கள். வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்தே விருத்தம் பாடுகிறார். தலைக் கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அவர் பாடி விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் எடுத்துத் திருப்புகிறார்கள். அந்த இடைவெளியில் ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க அவகாசம் கிடைக்கிறது. முகவீணை அந்த அடியைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறது. மோகனமும் முகாரியும் நாட்டையும் நான் அறிந்த பெயர்களே. ஆனால் இங்கே இராகம் தன்னைக் காட்டிக்கொள்ள வரவில்லை, துச்சாதனன் வரப்போகிறான் என்று சொல்ல வருகிறது. விடியற்காலையில் பாஞ்சாலி துகிலுரிதல் நடந்தபோது, முன்வரிசைக் கிழவிகள் அழுதார்கள். நானும் அழுதேன். அன்றிலிருந்து கச்சேரியில் முகாரி கேட்டால் ஏதோ குறைவது போலத் தோன்றுகிறது. இது என் சொந்த ருசி. யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். அதில் முழவு, ஆகுளி, தூம்பு, குழல் என்று கூத்தர் சுமந்துவரும் கருவிகளின் பட்டியல் வருகிறது. வகுப்பிலே பல ஆண்டுகள் அதை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். பொருள் விளங்கியது அந்தப் பலகையின் அருகேதான்.

வெளியூரான் செவி என்றேன். எனக்கு முன்னோடிகள் உண்டு. பெர்சி மாக்குவீன் என்ற ஆங்கில ஐ.சி.எஸ். அதிகாரி தமிழ்நாட்டு நாடோடிப் பாடல்களை ஆசையோடு திரட்டினார். கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, அவை 1958-இல் ‘மலையருவி’ என்ற பெயரில் தஞ்சை சரஸ்வதி மகால் வெளியீடாக வந்தன. எங்கள் பக்கத்துப் புஞ்சையிற் பிறந்த ந. முத்துசாமியோ, இம்மாவட்டத்துப் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தவர். 1977-இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு அந்த அனுபவமே வித்து.

இனிச் சொல்ல வேண்டியது மகிழ்ச்சியானதன்று. ஒலிபெருக்கி வந்தபின் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. முகவீணையின் காரணமே அதுதானே! ஆர்மோனியம் ஒன்றே போதும் என்று குழுக்கள் பல நினைக்கின்றன. (அந்த ஆர்மோனியத்தையே 1940-இல் அகில இந்திய வானொலி விலக்கிவைத்து, 1971-இல்தான் தடையைத் தளர்த்தியது, வானொலியில் நின்றுகொண்டு அதைக் குறை சொன்னால் பழைய வழக்கைத் திறப்பதாகும்.) ஆர்மோனியம் சுரங்களைத் தனித்தனியே கொடுக்கும், அவற்றின் நடுவே வழுக்கி இறங்கி விசும்ப அதனால் முடியாது.

என் மாணவனின் தந்தைக்கு இப்போது முன்பற்கள் இல்லை. சீவாளியைப் பிடிக்க உதடு நிற்கவில்லை என்கிறார். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வேறு யாரும் கற்றுக்கொள்ள வரவில்லை. கருவி வீட்டுப் பரணில் துணி சுற்றி இருக்கிறது. சென்ற விழாவில் அவரும் நானும் பலகையருகே உட்கார்ந்து கேட்டோம். பின்பாட்டு முடிந்து, முகவீணை எழவேண்டிய இடம் வந்தபோதெல்லாம் அவருடைய விரல்கள் முழங்காலின்மேல் அசைந்தன.

கேட்க விரும்பும் அன்பர்கள் பங்குனிக்குப் பின் இப்பக்கம் வரலாம். எந்தச் சிற்றூரில் பாரதம் என்று பேருந்து நிலையத்தில் விசாரித்தால் சொல்லுவார்கள். போர்வை ஒன்று கொண்டுவாருங்கள். விடியுமுன் பனி இறங்கும். முகவீணை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெளியூரார் கேட்கிறார்கள் என்றால், எங்கிருந்தேனும் ஒருவரை அழைத்துவரப் பார்ப்பார்கள்.